சாங்கி – நியூயார்க்: 15,349 கிலோமீட்டரும் அதற்கு மேலும்

வெள்ளி, ஈசூன், சிங்கப்பூர்

நாளை இரவு அம்மாவை அழைத்துக்கொண்டு நியூயார்க் கிளம்புகிறேன், அக்கா வீட்டுக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம். சாங்கியில் ஏறினால் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில்தான் இறக்கம். இரண்டுக்கும் இடையே 15,349 கிலோமீட்டர். பயணிகள் விமானங்கள் எங்கும் நிற்காமல் பறக்கும் தடங்களில் இதைவிட நீளமானது இப்போது இல்லை. இங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். சீட்டில் போட்டிருப்பது பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதல்.

பெட்டி கட்டுவதில் அம்மா யாரையும் கிட்டே விடமாட்டார். அதனால் நானும் பையனும் அவனுடைய உலக உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். (அவனுக்கு இது பி.எஸ்.எல்.இ., அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு. அவனும் அவன் அம்மாவும் வரவில்லை.) சுவரில் மாட்டும் உலகப் படத்தை நம்பினால் இந்த வழி புரியவே புரியாது. அதில் கோடு போட்டால் இந்தியா, அரபு நாடுகள், அட்லாண்டிக் என்று மேற்கே நீண்டுகொண்டு போகும். உருண்டையின் மேல் பூ கட்டும் நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தோம். நூல் விறுவிறுவென்று வடக்கே ஏறிவிட்டது. கம்போடியா, லாவோஸ், சீனாவின் சிச்சுவான் பக்கம், மங்கோலியா, பைகால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, வடதுருவத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் பக்கத்தில் ஒரு திருப்பம், அப்புறம் கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க்.

கணக்கும் சுலபம்தான். சாங்கி 104 பாகை கிழக்கு, கென்னடி நிலையம் 74 பாகை மேற்கு. கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊரும் ஏறக்குறைய நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால்தான் குறுக்கு வழி துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. சிங்கப்பூரிலிருந்து வடதுருவத்துக்கு 88.6 பாகை ஏற வேண்டும். அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை இறங்க வேண்டும். மொத்தம் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று போட்டால் 15,318 வருகிறது. பையன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “முப்பத்தொண்ணு உதைக்குதேப்பா” என்றான். பூமி சரியான உருண்டை இல்லை, அந்த 111-உம் முழு எண் இல்லை. அந்த முப்பத்தொன்று அதில் அடங்கிவிடும்.

ஆனால் நாளை எங்கள் விமானம் இந்த நூல் போன வழியில் போகாது. 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. அந்தச் சிக்கல் இல்லாவிட்டாலும் காற்று என்று ஒன்று இருக்கிறது. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று உண்டு. குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் அது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். அதில் ஏறிக்கொண்டால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் சொருகியிருந்தார். பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி இலையோடு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன்.

“பொடியாவது விடுவானா?”

“பொடி பரவாயில்லைம்மா. கேட்டா இருக்குன்னு சொல்லிடணும், அவ்வளவுதான்.”

“நாங்க ரஜூலாவுல வந்தப்ப எங்க ஆத்தா புளி, கருவாடு, முறுக்குன்னு ஒரு டிரங்குப் பெட்டி நெறயக் கொண்டாந்துச்சு.”

அம்மா சின்னப் பெண்ணாக நாகப்பட்டினத்தில் ரஜூலா என்ற கப்பலில் ஏறியவர். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று நின்று நின்று சிங்கப்பூர் வந்து சேர ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வந்தார்களாம். கறிவேப்பிலை எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டது.

சனி, சாங்கி முனையம் 3

இரவு பதினொன்றரைக்கு மேல்தான் விமானம். சீக்கிரமே வந்துவிட்டோம், ஏனென்றால் அம்மா அப்படித்தான்.

கண்ணாடிக்கு வெளியே நிற்பது ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர். கடைசி மூன்று எழுத்து ‘மிக நெடுந்தூரம்’ என்பதற்கு. இந்த வகை விமானம் உலகத்திலேயே ஏழுதான் இருக்கிறது, ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். பார்ப்பதற்குச் சாதாரண ஏ350-க்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே ஏறினால் தெரியும். இதே நீளமுள்ள இவர்களுடைய மற்ற நெடுந்தூர விமானத்தில் 253 பேர் உட்காருவார்கள். இதில் 161 இருக்கைதான். பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண வகுப்பு கிடையவே கிடையாது. நம் போன்றவர்கள் ஏற வேண்டுமென்றால் பிரீமியம் எகானமிக்குப் பணம் கட்டியாக வேண்டும். மனசு உறுத்தத்தான் செய்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் இன்னொரு விமானம் கொஞ்சம் மலிவு, ஆனால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பிடிக்கும். அம்மாவின் முழங்கால் இருக்கிற நிலையில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் போதும் என்று முடிவு செய்தோம்.

ஆளைக் குறைத்ததற்குக் காரணம் எண்ணெய். இந்த விமானம் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம் என்று வைத்தால் 132 டன். விமானம் எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். ஆக, தொட்டியை முழுதாக நிரப்பினால் ஓடுபாதையில் ஓடும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கடைசி மணி நேரத்தில் கனடா மேல் எரியப்போகிற எண்ணெயைச் சாங்கியிலிருந்தே சுமக்க வேண்டும். அதைச் சுமப்பதற்கென்று தனியாக எண்ணெய் எரிக்க வேண்டும். தூரம் கூடக்கூட இந்தச் செலவு ஏறிக்கொண்டே போகும். முன்பக்கச் சரக்கு அறையைக்கூட இதில் பயன்படுத்துவதில்லை.

இந்தக் கணக்கு ஒருமுறை கையைச் சுட்டும் இருக்கிறது. 2004-இல் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானத்தை வைத்து, நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கினார்கள். கொஞ்ச காலம் கழித்து அதையே நூறு பிசினஸ் இருக்கை மட்டும் உள்ள விமானமாக மாற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் விலை ஏறிய காலம், நான்கு எஞ்சினுக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் நியூவர்க் மறுபடி தொடங்கியது. கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பரில். நோய்த்தொற்றுக் காலத்தில், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, உலகின் நீளமான தடம் தொடங்கியது என்பது இப்போது நினைத்தாலும் விசித்திரம்தான்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டில் போட்டிருக்கும் பதினெட்டரை சொச்சம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. வாசலிலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில் தொடங்கி அங்கே வாசலில் நிறுத்துவதோடு முடிகிற நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. கணினியில் இரண்டு ஊரைக் கொடுத்தால் நேரம் சொல்லும் கருவிகள் தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஒரு வேகத்தால் வகுத்து அரை மணி கூட்டிச் சொல்கின்றன. இந்தத் தடத்துக்கு அப்படிப் போட்டாலும் பதினெட்டரைதான் வருகிறது. ஆனால் அது தற்செயல். சுற்றிப் போவதால் கூடுகிற நேரமும் காற்று தள்ளுவதால் குறைகிற நேரமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

அழைக்கிறார்கள். மீதி மேலே போய்.

ஞாயிறா சனியா தெரியவில்லை, பசிபிக் மேல்

விமானத்தில் வைஃபை இருப்பதால் இங்கிருந்தே எழுதுகிறேன்.

எழும்பியதும் முன்னால் இருக்கும் திரையில் படத்தைத் திறந்தேன். போக வேண்டிய தூரம் 16,000-க்கு மேல் காட்டியது. நூல் சொன்ன 15,349 அப்போதே காலி. வழி வடகிழக்காகத் தென்சீனக் கடல், தைவான் பக்கம், ஜப்பான் என்று வளைந்திருந்தது.

இந்திய சைவ உணவு என்று முன்பே சொல்லிவைத்திருந்ததால் எங்களுக்குத் தட்டு முதலில் வந்தது. அம்மா சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு (இரத்தம் கட்டாமலிருக்கக் காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான உறை, மருத்துவர் சொன்னது) தூங்கிவிட்டார். ஐந்து மணி நேரம் கழித்து நான் கண் விழித்தபோது ஜன்னல் மூடியின் கீழ் இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம். கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தேன். ஜப்பானுக்குக் கிழக்கே விடிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் அப்போது அதிகாலை நான்கரை. ஞாயிற்றுக்கிழமை விடியல்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சூரியனை எதிர்கொண்டு போவதால் பகல் கிடுகிடுவென்று ஓடுகிறது. நான்கைந்து மணி நேரத்தில் உச்சி வெயில். அதே வாக்கில் தேதிக்கோட்டைத் தாண்டினோம். ஞாயிறு போய் மறுபடி சனிக்கிழமை ஆகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

“நேத்துதான் சனிக்கிழமை முடிஞ்சுதே. இப்ப மறுபடியுமா?”

“ஆமாம்மா. நேத்து மத்தியானத்துக்கே திரும்பிப் போயிட்டோம்.”

“அப்ப ராத்திரி மாத்திரையை மறுபடி போடணுமா?”

இது நல்ல கேள்வி. தேதி என்ன ஆனாலும் மாத்திரைக்கு இடைப்பட்ட மணி நேரம்தான் கணக்கு என்று கிளம்புமுன் மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகவே கைபேசியில் சிங்கப்பூர் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

திரையில் வேகம் மணிக்கு 1,000-ஐத் தாண்டி நிற்கிறது. காற்றுக்குள் விமானத்தின் வேகம் எப்போதும்போல 900 பக்கம்தான். மீதி காற்று போட்ட பிச்சை. கீழே அலூசியன் தீவுகள். படத்தில் ஷெம்யா, கோல்ட் பே என்று கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள். மக்கள் அதிகம் இல்லாத இடங்கள், ஆனால் நீளமான ஓடுபாதை உண்டு. இரண்டே எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஓர் இடம் எட்ட வேண்டும் என்பது விதி. அதனால் இந்தத் தீவுகள் கணக்கில் இருக்கின்றன. விமானிகளும் நான்கு பேர். இருவர் ஓட்ட, இருவர் படுக்கை அறையில் உறங்கி, முறை மாற்றிக்கொள்கிறார்கள்.

இத்தனை நேரம் உட்கார்ந்தும் தலைவலி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இந்த விமானத்தின் உடல் பெரும்பாலும் கார்பன் இழை. அதனால் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் 8,000 அடிவரை போகும். அம்மா ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடைபாதையில் பின்கோடிவரை போய்த் திரும்புகிறார். கடைசி வரிசைகளில் ஓரத்தில் ஒற்றை இருக்கை இருக்கிறது. பக்கத்தில் இடித்துக்கொள்ள யாரும் இல்லை. தனியாகப் போகிறவர்கள் அதைப் பிடிக்கலாம்.

இப்போது வெளியே சனிக்கிழமை சாயங்காலம். சூரியன் பின்னால் இறங்கிவிட்டது. ஆனால் ஜூன் மாதம், இவ்வளவு வடக்கே. இடப்பக்க அடிவானத்தில் வெளிச்சம் மட்டும் அணையாமல் கூடவே வருகிறது.

ஞாயிறு, குவீன்ஸ்

காலை ஆறு மணிக்கு இறங்கினோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆக, ஒரே ஞாயிற்றுக்கிழமை விடியலை ஜப்பான் பக்கம் ஒருமுறையும் இங்கே ஒருமுறையும் பார்த்தாயிற்று. குடிநுழைவு வரிசை நீளம். சுங்கத்தில் பொடி என்றதும் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள்.

அத்தான் காரோடு வந்திருந்தார். வீட்டுக்குப் போகுமுன் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். பவுன் தெருவில் இருக்கும் இந்தக் கோயிலுக்கு 1977-இல் குடமுழுக்கு நடந்தது. தெருவுக்கே இப்போது கணேஷ் கோயில் தெரு என்றும் ஒரு பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்துச் சிற்றுண்டிச் சாலையில் தோசை நன்றாகவே இருக்கிறது, சட்னிக்குக் கறிவேப்பிலையும் தாளித்திருந்தார்கள். “இவங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வருதாம்?” என்று அம்மா என்னைக் கேட்டார். உள்நாட்டில் வளர்க்கிறார்கள் என்றார் அத்தான்.

புதன், குவீன்ஸ்

அம்மா முள் கைக்கடிகாரம் கட்டுகிறவர். இங்கே வந்து அதைத் தொடவே இல்லை. சிங்கப்பூரில் காலை எட்டு என்றால் இங்கே முந்தைய இரவு எட்டு. முள் அதே இடத்தில்தான் நிற்கும். கோடையில் மட்டும் இப்படி. குளிர்காலத்தில் இவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் பதின்மூன்று ஆகிவிடும்.

இந்தப் பன்னிரண்டுக்கும் அன்று உருண்டையில் கூட்டிய 178 பாகைக்கும் தொடர்பு இருக்கிறது. மணிக்கு 15 பாகை என்று வகுத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மயிரிழை குறைவு. ஆனால் சூரியப்படி சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால்தான் இருக்க வேண்டும். நாம் எட்டு வைத்திருக்கிறோம். முன்பு ஏழரை. 1982 ஜனவரி 1-இல் மலேசியாவோடு ஒத்துப்போக அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால்தான் ஈசூனில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது. நியூயார்க்கும் கோடையில் சூரியனைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. இருவரும் ஒரே அளவு முன்னால் ஓடுவதால் முள் பிசகாமல் பொருந்துகிறது.

மற்றபடி பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. எழுத ஒன்றும் இல்லை.

சனி இரவு, கென்னடி நிலையம்

திரும்பும் விமானம் பத்தரைக்கு. இடியும் மின்னலுமாக இருந்ததால் வாசலை விட்டு நகர்ந்தபிறகும் ஓடுபாதை ஓரத்தில் வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், சிராங்கூன்காரர்கள், “இதுவும் பதினெட்டு மணி நேரத்துல சேருமா?” என்று பணிப்பெண்ணைக் கேட்கிறார்கள். சேரும்.

நானும் போன வழியே திரும்பும் என்றுதான் எண்ணியிருந்தேன். திரை வேறு காட்டுகிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, கருங்கடல், காஸ்பியன், இந்தியா, வங்காள விரிகுடா. மறுபடியும் கிழக்கே! பசிபிக் வழியே திரும்பினால் வரும்போது தள்ளிய அதே காற்று முகத்தில் அறையும். கிழக்கே போனால் இந்தப் பக்கமும் அது முதுகில்தான்.

திங்கள், ஈசூன்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகாயத்தில் போய்விட்டது. அட்லாண்டிக் நடுவே விடிந்து, ஐரோப்பா முழுவதும் வெயில், காஸ்பியனைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இருட்டு. இந்தியாவுக்கு மேல் வந்தபோது கீழே ஊர் ஊராக விளக்குகள். அம்மா விழித்துக்கொண்டு திரையில் சென்னை என்ற பெயரைத் தேடினார். வலப்பக்கம், தூரத்தில் இருந்தது. நாங்கள் ஒடிசாப் பக்கம் கடற்கரையைத் தாண்டினோம்.

“அப்படியே இறக்கிவிட்டா நாகப்பட்டினம் போயிட்டு வந்துடலாம்” என்றார்.

புயலில் நின்றதால் காலை ஆறு மணிக்குத்தான் இறங்கினோம். ஏழு மணிக்கு டாக்சியில் போகும்போது கிழக்குக் கடற்கரைப் பக்கம் வெளுத்தது. போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே என்றால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று என்று பொருள். அப்படிச் சுற்றியவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிட ஒரு விடியல் கூடுதலாகப் பார்த்திருப்பார்கள். பையனுக்கு இதை விளக்கினேன். நம்பவில்லை. உருண்டையையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போயிருக்கிறான்.

வியாழன்

ஒரு மணி நேர வித்தியாசம் தேற ஒரு நாள் என்று சொல்வார்கள். அப்படியானால் எனக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. மதியம் இரண்டரைக் கூட்டத்தில் கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடு. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு மாவரைக்கிறார். கீழ்வீட்டு மலாய் அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

“அடுத்த தடவ நடுவுல எங்கயாவது எறங்கி ஊரப் பாத்துட்டுப் போலாம்ப்பா” என்கிறார். ஃபிராங்க்ஃபர்ட் வழியைப் பார்த்தேன். நிற்பது கொஞ்ச நேரம்தான், நிலையத்தை விட்டு வெளியே போக நேரம் இருக்காது. டோக்கியோவில் இரண்டு இரவு தங்கி அங்கிருந்து நியூயார்க் போகும் சீட்டு என்ன விலை வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.